நேரா நின்ன வண்டி

பல்செட்டுன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பார். கோவிச்சுக்க மாட்டார். பொய்ப்பல் செய்யறதுதான் அவர் தொழில். டாக்டர் நோயாளி வாயில அச்சு எடுத்து அனுப்புவார். இவர் மெழுகு வச்சு, வார்த்து, ராவி, பளபளன்னு தேய்ச்சுத் திருப்பி அனுப்புவார். இந்தப் பேட்டையில பாதிப் பேர் இவர் செஞ்ச பல்லாலதான் மெல்லுறாங்க. அதை வச்சே ஊரைத் திட்டவும் செய்யறாங்க. இவர் முகம் யாருக்கும் தெரியாது. பல்லு வலிச்சா டாக்டரைத் திட்டுவாங்க, நல்லா இருந்தா டாக்டரைப் பாராட்டுவாங்க. உழைக்கிறவன் கதை எங்கேயும் இதுதான். அதை விடுங்க.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. டப்பாவுல துண்டு துண்டா வர்ற பிளாஸ்டிக் காரை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு வைப்பார். பல்லுன்னு சொன்னா வராத கோவம், பொம்மைன்னு சொன்னா வந்துடும். மாடல்னு சொல்லணும்.

வீட்டுல ஜன்னல் வச்ச சின்ன ரூம் ஒண்ணு. அதை பல்செட்டு ஆக்கிரமிச்சிருந்தார். இதுக்கு நாகரிகமா வேற வார்த்தை தேட எனக்கு நேரமில்ல. அவர் சம்சாரம் கடைகளுக்குத் திரைச்சீலை தைக்கிறவங்க. அவங்க தையல் மெஷின் எங்க இருந்துச்சு தெரியுமா? பாத்ரூம் வாசல்ல. வீட்டுல யார் குளிக்கப் போனாலும் அந்தம்மா நாற்காலியைத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கணும். சம்பாதிக்கிறவ நடைபாதையில, விளையாடுறவர் ஜன்னலோரத்துல. எந்தச் சட்டத்துல இது நியாயம்?

ஒரு நாள் பல்செட்டு குளிச்சுட்டு, தலையைக்கூடத் துவட்டாம வெளிய வந்தார். தச்சு முடிச்ச வெள்ளைத் திரை மேல சொட்டு சொட்டா தண்ணி. அந்தம்மா கத்தல. மெஷினை நிறுத்தினாங்க. வேலைநிறுத்தம் அப்படித்தான் தொடங்கும், சத்தமில்லாம.

"என்னங்க, அந்த ரூமைக் காலி பண்ணுங்க."

"வேலை நடந்துக்கிட்டு இருக்கும்மா."

"என்ன வேலை? பொம்மைக்குச் சக்கரம் மாட்டுற வேலையா?"

"மாடல்! அதுவும் யார் வண்டி? உங்க அண்ணன் ரேஸ்ல ஓட்டின வண்டி. அச்சு அசலா பண்றேன்."

அந்தம்மாவோட அண்ணன் இப்ப பள்ளிக்கூட பஸ் ஓட்டுறார். சைக்கிள்காரன் முந்திப் போனாக்கூட ஹாரன் அடிக்க மாட்டார். வாலிபத்துல அவர் ஓட்டினது டிராக் ரேஸ். நேர் ரோட்டுல ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும். விளக்கு எரிஞ்சதும் பாயணும். பத்துப் பன்னெண்டு செகண்டுல கதை முடிஞ்சுடும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. அந்த வண்டி எப்பவோ பிரிஞ்சு பழைய இரும்பாப் போயிருச்சு. மிச்சம் இருக்கறது மூணு போட்டோ.

அந்தம்மா கொஞ்சம் யோசிச்சாங்க.

"அண்ணன் ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாரு. பாத்துட்டு, இது என் வண்டின்னு அவர் வாயால சொல்லட்டும். ரூம் உங்களுக்கு, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னு சொன்னா மெஷின் உள்ள, நீங்க வெளிய. ரூம் விஷயம் அவர் காதுக்குப் போகக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

மாடியில குடியிருந்த என்னைக் கூப்பிட்டு சாட்சி வச்சாங்க. தொழிற்சங்கத்துல எத்தனையோ ஒப்பந்தம் பாத்தவன் நான். இவ்வளவு சுத்தமா ஒண்ணு பாத்ததில்ல.

பல்செட்டு இறங்கிட்டார். டப்பாவுல வந்தது குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போற சாதாரணக் கார். அதை ரேஸ் வண்டியாக்கணும். பின் சீட்டைப் பிடுங்கினார். முன்னாடி ஒரே ஒரு சீட்டு, அதைச் சுத்திக் கம்பிக்கூண்டு. பானெட்ல ஓட்டை போட்டு, எஞ்சினுக்குக் காத்து போக ஒரு கூடு வச்சார். பின் சக்கரம் முறம் மாதிரி அகலமா வேணும். டப்பாவுல இருந்தது அப்பளம் மாதிரி மெல்லிசு. அதனால வண்டி உடம்போட உள்பக்கத்தைப் பல்லு ராவுற மெஷினால அறுத்து இடம் பண்ணினார். டயரை ஈறு செய்யற ரோஸ் பவுடர்ல வார்த்தார். கறுப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தம்மா எட்டிப் பாத்துட்டாங்க.

"வண்டிக்குச் சக்கரம் இல்லீங்க, ஈறுதான் முளைச்சிருக்கு."

ஓடி முடிச்ச வண்டியை நிறுத்த பின்னாடி சின்ன பாராசூட் இருக்கும். அதுக்கு மெல்லிசா துணி வேணும். தையல் கூடையில கையை விட்டவர் கையும் களவுமா மாட்டிக்கிட்டார்.

"போட்டி நடக்கறப்ப எதிராளி துணியிலயே கை வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"ஒரு விரல் அகலம் போதும்மா."

அந்தம்மா வெட்டிக் குடுத்ததோட விடல. இவர் மடிச்ச லட்சணத்தைப் பாத்துட்டு, பிடுங்கி, தானே அழகா மடிச்சுக் குடுத்தாங்க. எதிரிக்கு ஆயுதம் குடுத்து உதவுன கட்சியை நான் அங்கதான் பாத்தேன்.

கடைசியா ஒரு சிக்கல். பின்பக்கமா எடுத்த போட்டோவுல வண்டி இடது பக்கம் லேசா சாஞ்சிருந்தது. பல்செட்டு சூள் கொட்டினார். "எடுத்தவன் கேமராவைக் கோணலா பிடிச்சிருக்கான்." அவர் தொழில் அப்படி. ஒரு பல்லு மயிரிழை தூக்கலா இருந்தா தாடை நோகுதுன்னு ஆள் திரும்ப வந்து நிப்பார். அதுக்குன்னு ஒரு நீலத்தாள் உண்டு. அதைக் கடிக்கச் சொன்னா எந்தப் பல்லு முட்டுதோ அதுல நீலம் ஒட்டும். அதே தாளை நாலு சக்கரத்துக்கும் அடியில வச்சு அழுத்தினார், ராவினார், மறுபடியும் அழுத்தினார். நாலுலயும் ஒரே அளவு நீலம் விழுந்தப்பதான் மூச்சு விட்டார்.

"பாத்தியாம்மா? நாலும் ஒண்ணா கடிக்குது!"

ஞாயிறு வந்தது. அண்ணன் சாப்பிட்டார், கையைத் துடைச்சார். மேஜை மேல வண்டியைப் பாத்ததும் ஏப்பம் பாதியில நின்னு போச்சு.

"மாப்ள... இதென்னய்யா! சீட்டுக் கிழிசல்ல ஒட்டுன டேப்பு கூட இருக்கே!"

பல்செட்டு பொண்டாட்டியைப் பாத்தார். அந்தப் பார்வையில ரூம் சாவியே இருந்தது. அண்ணன் குத்தவச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பின்பக்கமா பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"வேலை பிரமாதம் மாப்ள. ஆனா இது என் வண்டி இல்ல."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"என் வண்டி நேரா நிக்காது. மிதிச்சதும் எஞ்சின் முறுக்குல உடம்பு வலது பக்கமா அமுங்கும். அதுக்காகவே வலது பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே தூக்கி வச்சிருப்போம். நிக்கிறப்ப கோணல், பாயறப்ப நேர். இது நிக்கிறப்பவே நேரா நிக்குது. பாஞ்சா சுவத்துலதான் போய் முட்டும்."

"அண்ணே, அது எங்க பாயப் போகுது? பொம்மைதானே!"

"மாடல்!"னு ரெண்டு ஆம்பளைங்களும் ஒரே குரல்ல கத்தினாங்க.

பல்செட்டு போட்டோவை எடுத்து மறுபடி பாத்தார். கேமராக்காரன் மேல தப்பே இல்ல. கோணலைத் திருத்தினது இவர் கைதான். முகம் விழுந்து போச்சு. அப்பதான் அந்தம்மா ரூம் கதையை அண்ணன்கிட்ட சொன்னாங்க.

"அடப் பாவிங்களா, முன்னாடியே சொல்லியிருந்தா ஆமான்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே! மாப்ள, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வேணாம் மச்சான்," பல்செட்டு சொன்னார். "நீங்க பொய் சொல்லி எனக்குக் கிடைச்ச ரூம்ல என்னால ஒரு ஸ்குரூ கூட முடுக்க முடியாது."

சொன்னவர் சும்மா நிக்கல. மெஷினோட ஒரு பக்கத்தைப் பிடிச்சார். இன்னொரு பக்கத்தை அண்ணன் பிடிச்சார். ஜன்னலுக்குக் கீழ இறக்கினாங்க. மேஜையும் பெயிண்ட் டப்பாவும் வெளிய வந்தது. தோத்தவன் தானே வந்து பூட்டைத் திறந்துவிட்டதை நான் எந்தப் போராட்டத்துலயும் பாத்ததில்ல.

அப்புறம் ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்துட்டாங்க. பல்செட்டு வலது பின்சக்கரத்தைக் கழட்டி, மேல பிளாஸ்டிக் சீவல் ஒண்ணு வச்சார். அண்ணன் கன்னத்தைத் தரையோட ஒட்டிப் படுத்துக்கிட்டார்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, ஜாஸ்தி! ஆங். அதான். கையை எடு."

வண்டி கோணலா நின்னுச்சு. அண்ணன் எந்திரிக்கவே இல்ல. பள்ளிக்கூட பஸ்காரர் வலது கால் தரையில எதையோ மிதிச்சுக்கிட்டு இருந்தது.

உள்ளே இருந்து குரல் வந்தது. "என்னண்ணே, இப்ப உங்க வண்டிதானா?"

"என் வண்டிதாம்மா. சத்தியமா என் வண்டி."

"சந்தோஷம். ரூம் என்னுது."

மெஷின் ஓட ஆரம்பிச்சது.