மச்சானுடைய தூக்குப்போசி

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு பித்தளைத் தூக்குப்போசி இருக்கிறது. மூடியும் வளைந்த பிடியும் உள்ள சின்னப் பாத்திரம்; மோர் கெடாமலிருக்க உள்ளே ஈயம் பூசியது. ஒரு பக்கத்தில், கட்டைவிரலை வைத்தால் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு நெளிவு. சைக்கிளின் கைப்பிடியில் மாட்டி வருஷக்கணக்கில் ஓட்டியதில், மட்கார்டில் இடித்து இடித்து விழுந்தது அது. அப்படி ஓட்டியவன் நான் அல்ல, என் அத்தை மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவனாதலால் எனக்கு மச்சான்.

முதலில் காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போகிற சைக்கிள் பந்தயம் நடந்தது மேட்டூர் அணை திறந்ததற்கு மறு வருஷம், ஆடி மாதத்தில். எங்கள் உறவினர்களில் சிலர் அது யுத்த காலம் என்று இன்றும் சாதிக்கிறார்கள். யுத்த காலத்தில் ஒரு டியூபுக்கு எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. அந்த நாளில் ஒரு புது சைக்கிளைப் பரிசாகத் தூக்கிக் கொடுக்க எந்தக் கடைக்காரர் முன்வந்திருப்பார்? தவிரவும், பந்தயத்தில் ஜெயித்தவன் மச்சான் என்றும் அவர்களே சொல்கிறார்கள். வருஷத்தைத் தப்பாகச் சொல்கிறவர்கள் வேறு எதைச் சரியாகச் சொல்வார்கள்?

நாங்கள் இருவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தோம். கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்து வருவது எங்கள் வேலை. ராசிபுரம், நாமக்கல், அங்கிருந்து மேற்கே திருச்செங்கோடு, பிறகு சங்ககிரி வழியாக மறுபடி சேலம் என்று ஒரு வட்டம். ஒரு வாரம் அவன் போவான், மறு வாரம் நான். ஒரே ரோடு, ஒரே கடைகள், முதலாளியின் ஒரே பழைய சைக்கிள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ரோட்டின்மேல் பழி போட முடியாது.

அவனுக்குக் கிடைத்தது சோறும் தண்ணீரும். மச்சான் வழிக்கு எதுவும் கட்டிக்கொண்டு போக மாட்டான். காலையில் அந்தப் போசியைக் காலியாகக் கைப்பிடியில் மாட்டுவான். அது மட்கார்டில் இடித்து எழுப்புகிற 'டங் டங்' சத்தம் கேட்டே வழியில் இருக்கிறவர்கள் வெளியே வருவார்கள். ஒரு வீட்டில் நீர்மோர், ஒரு கடையில் பானகம், களத்தில் கடலை பறிக்கிறவர்களிடம் ஒரு கை பச்சைக்கடலை. மாலையில் அவன் தங்குகிற ஊர் போய்ச் சேரும்போதும் போசியில் ஏதாவது மீதி இருக்கும்.

முக்கியமாக ஒரு ஆத்தாவைச் சொல்ல வேண்டும். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் பாதி வழியில், ரோட்டை ஒட்டிய கிணற்றுமேட்டில் அந்த அம்மாளின் வீடு. வேலை பழகுவதற்காக முதல் தடவை நான் ஒரு வாடகை சைக்கிளில் மச்சானோடு போனபோது அவன் அங்கே இறங்கி, "ஏனுங்க ஆத்தா, போன வாரம் ஊத்துனீங்களே, அதுல மோரையே காணோமுங்க. கிணத்தைத்தான் ஊத்திப்போட்டீங்க" என்றான்.

"எம்மேல தப்பில்ல சாமி. எருமைதான் தண்ணி நெறையாக் குடிச்சுப்போட்டுது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் போசியை வாங்கி நிரப்பினாள்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். அந்தக் கிணற்றுமேட்டுக்கு எதிரில் இறங்கி, கழலாத சங்கிலியை வெகுநேரம் சரிசெய்தேன். ஆத்தா எட்டிப் பார்த்தாள். "அவரு இந்த வாரம் வல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்ப்பேட்டையில் புதிதாகக் கடை திறந்த ஒரு சைக்கிள் வியாபாரி விளம்பரத்துக்காகப் பந்தயம் அறிவித்தார். எங்கள் வட்டமேதான் பாதை. விடியற்காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் முதலில் வந்து சேருகிறவனுக்குக் கடைவாசலில் கண்ணாடிக்குள் நிற்கும் பச்சை வர்ண சீமை சைக்கிள். எனக்கு அந்த சைக்கிள் வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்தது முதலாளியுடையது, வட்டம் முடிந்து வந்ததும் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சங்ககிரிக் கோட்டையையும் வழியிலுள்ள கோயில்களையும் வாரம் விட்டு வாரம் கடந்துபோவேன். ஒரு கல்வெட்டையும் நின்று படித்ததில்லை. சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தால் விடுமுறை நாட்களில் போய் ஒவ்வொன்றாகப் படித்து, ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம். இந்த ஆசை அப்போது எனக்குக் கல்யாண ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. மச்சானுக்கு அப்படி எந்த ஆசையும் கிடையாது. "நானும் வாரேன் மாப்ளே, ஒண்டியாப் போனா உனக்குப் பேச்சுத்தொணை வேணுமில்ல" என்று பெயர் கொடுத்து, தனக்கு ஒரு வாடகை சைக்கிள் பிடித்துக்கொண்டான்.

நான் முறையாகப் பயிற்சி செய்தேன். வாசகசாலைக்கு வரும் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் பற்றிப் படித்திருந்தேன். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஒரு நாள் கடுமையாக ஓட்டினால் மறுநாள் காலுக்கு ஓய்வு கொடு. பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி. அவர்கள் சொன்ன மாமிசச் சாறுக்குப் பதிலாகக் கொள்ளு ரசம், சாக்லேட்டுக்குப் பதிலாகக் கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை என்று நானே மாற்றிக்கொண்டேன். மருந்துக் கடையில் ஒரு குளுகோஸ் டப்பாவும் வாங்கினேன். அமாவாசைக்கு எங்கள் கடை விடுமுறை. அந்த நாட்களில் பந்தயத்தைச் சொல்லி முதலாளியிடம் சாவி வாங்கி, கேரியரில் அரை மூட்டை வெல்லத்தைக் கட்டிக்கொண்டு மல்லூர் ஏற்றத்தில் ஏறி இறங்குவேன். பாரத்தை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் சைக்கிள் தானே பறக்கிற மாதிரி இருக்கும். பத்திரிகைக்காரன் எழுதியது அத்தனையும் உண்மை. இரண்டு மூன்று மாதத்தில் மச்சானால் ஏற்றத்தில் என்னைத் தொட முடியவில்லை. "கால்ல மோட்டாரு கீட்டாரு வெச்சுட்டயா மாப்ளே" என்று மூச்சு வாங்கினான். அந்தச் சொல்லை நான் பல நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு ருசித்தேன்.

பந்தயத்தன்று பத்துப் பதினைந்து பேர் கிளம்பினோம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றிலும் ஆள் நிறுத்தி, வருகிறவனுடைய முன்னங்கையில் மசி முத்திரை வைப்பதாக ஏற்பாடு. நாமக்கல் வரையில் நான்தான் முன்னால். காற்று பக்கவாட்டில் அடித்தது, பெரிய தொந்தரவில்லை. முத்திரை வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பியதும் ஆடிக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தது. புளியமரங்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஊரைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் உருண்டை எடுக்கக் கேரியரில் கையை விட்டேன். அறுந்த சணல் கயிறுதான் கையில் வந்தது. கப்பி ரோட்டின் குலுக்கலில் பை எங்கேயோ விழுந்திருக்கிறது. குளுகோஸ் டப்பாவும் அதற்குள்தான். சட்டைப்பையில் காலணா இல்லை.

அதன் பிறகு நடந்ததை உடம்பு இன்றும் நினைவு வைத்திருக்கிறது. முதலில் கண் முன்னால் பூச்சி பறந்தது. பிறகு வாயில் ஒரு இரும்பு ருசி. செங்கோட்டு மலை எதிரே சிவப்பாகத் தெரிந்தது. எவ்வளவு மிதித்தும் அது அங்குலம்கூடக் கிட்டே வரவில்லை. சமதளமான ரோடு ஏற்றம் மாதிரி எழும்பியது. இரண்டு மூன்று வீடுகளைக் கடந்தேன். ஒரு வாசலில் பெண்கள் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்டால் யார் இல்லையென்று சொல்வார்கள்? கேட்க வாய் வரவில்லை.

பின்னால் 'டங் டங்' என்ற சத்தம் வந்தது. மச்சான் என் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தான்.

"என்ன மாப்ளே, ஏதாச்சும் தின்னயா?"

"இப்பத்தான் தின்னேன். நீ போ."

"பையைக் காணோம்?"

"காலியாச்சு, தூக்கிப் போட்டுட்டேன். நீ போ மச்சா."

அவன் போய்விட்டான். அந்த முதுகில் உப்புப் பூத்திருந்த வேர்வைக் கறையைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் கண்ணுக்கு மறைந்தது.

கிணற்றுமேட்டை நான் அடைந்தபோது ஆத்தா நடுரோட்டில் நின்றிருந்தாள். கையில் மச்சானுடைய போசி.

"நில்லுங்க சாமி. மாப்பிள்ளை நீங்கதானுங்களா? பாதி குடிச்சுப்போட்டுப் பாதி வெச்சிருக்கறாருங்க. பின்னால எங்க மாப்பிள்ளை மூஞ்சி வெளுத்து வாராரு, அவரு கேக்க மாட்டாரு, நீங்களே நிறுத்திக் குடுங்கன்னாருங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் போசி என் வாயில் இருந்தது. மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ், உப்பும் சின்ன வெங்காயமும். அவ்வளவு ருசியான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. குடிக்கக் குடிக்க அவன்மேல் கோபம் ஏறியது. நான் பொய் சொன்னதை அவன் நம்பவில்லை. நான் கேட்க மாட்டேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முந்திப் போகிறவன் அதற்காகத் தன் கூழில் பாதியை விட்டுவிட்டுப் போகிறான்; அதையும் முகம் பார்த்துக் கொடுக்காமல், நான் கூச்சப்படாதபடி கொடுக்கிறான். என்னால் அவனிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பொறாமைப்படுகிறவனுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது.

"போசியை அவருகிட்டக் குடுத்துருங்க" என்று ஆத்தா அதை என் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். கால்கள் திரும்பி வந்தன.

திருச்செங்கோட்டுத் தேர்வீதியில் ஒரே கூட்டம். நடுவில் மச்சானின் தலை தெரிந்தது. கடைக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று, ஒருவர் பானகம் நீட்ட, ஒருவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். ஒருத்தரிடம் வாங்கி மற்றவரை மறுத்துவிட்டுப் போக அவனுக்குத் தெரியாது. நான் மணியடித்தேன். "பந்தயக்காரரு நிக்கறாருங்க, ஓரமாப் போங்க" என்று ஒருவர் என்னை ஒதுக்கிவிட்டார். முத்திரை வைப்பவர்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் அதுலதான் ஓட்டறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை யாரும் நிறுத்தவில்லை. அதனால் ஜெயித்தேன். சங்ககிரியில் வடகிழக்கே திரும்பியதும் அதே ஆடிக் காற்று முதுகில் கைவைத்து, என்னைச் சேலம் வரையில் கொண்டுவந்து சேர்த்தது.

செவ்வாய்ப்பேட்டையில் மேளத்தோடு நின்றிருந்தார்கள். நான் இறங்கினேன். எங்கள் முதலாளி எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தபடியே, "அட, நீயா. அவன் எங்கடா?" என்றார். மேளக்காரர்கள் தயங்கித் தயங்கி வாசித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து மச்சான் வந்தான், கழுத்தில் யாரோ போட்ட சம்பங்கி மாலையோடு. அப்போதுதான் மேளம் சரியாகக் கேட்டது.

"செங்கோட்டுல உடவே மாட்டேன்னுட்டாங்க மாப்ளே" என்று என் தோளில் கையைப் போட்டான். போசியைக் கழற்றி நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும். உனக்குத்தான் வழியில ஒருத்தரும் ஊத்தறதில்லையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கேலி என்பதைத் தவிர அவன் மனசில் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பச்சை சைக்கிள் எனக்கு வந்தது. கோட்டைக்கும் கோயில்களுக்கும் போனேன். ஆசைப்பட்டபடியே கல்வெட்டுகளைப் படித்து ஆண்டுகளைக் குறித்தேன். கல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதிரில் போய் நின்றால், அவர் எங்கே என்று கேட்காது.

சில வருஷங்களில் மச்சான் கோயமுத்தூரில் ஒரு மில் வேலைக்குப் போய்விட்டான். யுத்தம் தொடங்கிய சமயம், ஒரு நாள் பச்சை சைக்கிளில் போசியை மாட்டிக்கொண்டு பழைய ரோட்டில் போனேன். கிணற்றுமேட்டை நெருங்கும்போதே ஆத்தா கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பார்வை மங்கிவிட்டிருந்தது, சத்தத்தை வைத்து வந்தவள்.

"வாங்க சாமி. இந்தப் பக்கம் வந்து எத்தன நாளாச்சு" என்று கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். "அட, மாப்பிள்ளைங்களா." பிறகு எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். "அவரு பின்னாடி வாராருங்களா?"

கோயமுத்தூர் போய்விட்டான் என்று சொன்னால் எனக்கு ஊற்றுவாளா, உள்ளே போய்விடுவாளா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"வாராருங்க" என்றேன்.

போசியை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தாள். "அப்ப அவருக்குப் பாதி வெச்சுப்போட்டுக் குடிங்க."

பாதி குடித்தேன். மீதிப் பாதி திருச்செங்கோடு வருகிற வரையில் கைப்பிடியில் தளும்பிக்கொண்டே வந்தது.

போன ஆவணியில் மச்சான் காலமானான். கோயமுத்தூர் போயிருந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. இங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பச்சை சைக்கிள் இன்றும் நிற்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. புத்தகங்களுக்கு மேலே பாத்திரம் எதற்கு என்றுதான் கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் அவன் கதையாகவே முடிகிறது. இதை எழுத உட்கார்ந்தபோதும், பந்தயத்தில் ஜெயித்தவனைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கி, நெளிவு வெளியே தெரிகிற மாதிரி போசியை வைக்கிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கிறேன்.