யமுனைப் பாலத்தில் அழிக்கும் பொட்டு

தில்லி மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் அவர் நல்லசிவம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மயூர் விஹாரில் ஒரு மாடி வீட்டில் கூடும் தமிழ்ச் சபையில், சாலமோன். பக்கத்திலேயே சர்ச் இருக்க யமுனையைத் தாண்டி ஓடுவானேன்? அங்கே ஆபீஸ்காரன் எவனும் வரமாட்டான், அதற்குத்தான்.

பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. கிறிஸ்தவர் என்று தெரிந்தால் சாதிச் சான்றிதழ் செல்லாது. அது வேலைக்கே உலை வைத்துவிடும். ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய ஊர்க்காரர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அங்கே வேதக்கோயிலிலேயே அவர் சனத்துக்குத் தனி வரிசை.

மனைவி சாந்தகுமாரி குவார்ட்டர்ஸை விட்டு இறங்கும்போது பொட்டு வைத்துக்கொள்வாள். பஸ் யமுனைப் பாலத்தில் ஏறியதும் அவர் கைக்குட்டையை வாங்கி அழிப்பாள். திரும்பும்போது மறுபடி வைப்பாள். ஒருநாள் அழித்துக்கொண்டே சொன்னாள்: "செத்த பொறவாவது ஒளியாமக் கிடக்கணும். என்னைய எரிச்சிராதிய. கல்லறைத் தோட்டத்துல வச்சு, மேல ஒரு சிலுவை போடுங்க."

சத்தியம் செய்து கொடுத்தார்.

தொண்ணூற்றேழு ஜனவரிக் குளிரில், காலையில், அடுப்படியில் சரிந்தாள். டாக்டர் வந்து கையை விரித்துவிட்டார். பாஸ்டருக்குப் பேச ரிசீவரை எடுக்கும்போது வாசலில் சேஷன் நின்றார். செக்ஷன் ஆபீசர், தங்கமான மனுஷர். அவர் பின்னால் ஆபீஸே நின்றது. நல்லசிவம் ரிசீவரை வைத்துவிட்டார்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள், சுமங்கலி என்று, சாந்தகுமாரியின் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இட்டிருந்தார்கள்.

சேஷன் தோளைத் தொட்டார். "உங்க பக்கம் வழக்கம் என்ன, சொல்லுங்கோ நல்லசிவம். அப்படியே பண்ணிடலாம்."

கேட்டாரே, அப்போது சொல்லியிருக்கலாம். பயம்கூட இல்லை; உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"நீங்களே பாத்துச் செய்யுங்க சார்."

மகள் தமிழ்ச்செல்வி காதருகே குனிந்தாள். தில்லியிலேயே பிறந்தவள். "ப்ராமிஸ் பண்ணீங்கல்ல? போலோ நா, சொல்லுங்கப்பா." அவர் சேஷனைப் பார்த்தார். "அந்தப் பொட்டையாவது அழிங்க."

கைக்குட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் சேஷன் பார்த்துக்கொண்டிருந்தாரே! சுமங்கலியாய்ப் போனவள் பொட்டை எந்தப் புருஷன் அழிப்பான்?

லோதி ரோடு மின் மயானத்தில் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. சேஷன் ஒரு குறை வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தனியாக பஸ் ஏறினார். பாலம் வந்ததும் பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார். அங்கே யாரோ ஒரு சர்தார். "க்யா பாய் சாஹப்?" என்றார். இவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

சபை வாசலில் பாஸ்டர் கையைப் பிடித்தார். "என்ன சாலமோன் அண்ணாச்சி, அக்கா வரலியா?"

எரித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஊருக்குப் போயிருக்கா."

"அப்படியா? எப்ப வருவாங்க?"

அதற்கு அவரிடம் பொய் எதுவும் இல்லை. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.