சத்தம் நன்றாக விழும் கேமரா

எங்கள் மகள் கல்யாண வீடியோ படம் மாதிரி மூன்று மணி நேரம் ஓடும். அதில் என் வீட்டுக்காரர் ஓயாமல் வருகிறார். மண்டப வாசலில் நின்று வரவேற்கிறார், பந்தியில் குனிந்து குனிந்து விசாரிக்கிறார், சம்பந்தியின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வாய்தான் அசைகிறது, பேச்சு கேட்காது. தொடக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பி வைத்திருக்கிறான் வீடியோக்காரன். அப்போது அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், இவர் கடைக்குப் போன பிறகு, அதைப் போட்டு இவர் பேசினது ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடினேன். தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்தியிருந்தான். அங்கே கெட்டிமேளம். அவன் என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

டாக்டர் சொன்னது இதுதான். விழுங்கும்போது வலிக்கிறது என்று இவர் காட்டப்போன இடத்தில், தொண்டையின் அடி மடிப்பில் புற்று. குரலுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஆபரேஷன் செய்தால் குரல்வளையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் ஆள் இருப்பார், பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் கொஞ்ச நாளில் இரண்டும் இருக்காது.

இவர் டவுணில் ரத வீதியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை முதலாகப் போட்டுத் தொடங்கின கடை. வழி கேட்க வந்தவளிடம் சேலை விற்று அனுப்புகிற ஆள். சேரன்மகாதேவியில் நான் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தால், கடை கண்ணில் படுவதற்கு முன்னால் இவர் குரல் காதில் விழும். எங்கள் வீட்டில் நான் பேசுவது கம்மி என்று சொல்வார்கள். கம்மி ஒன்றுமில்லை, இடம் கிடைத்ததில்லை. அந்தக் குரலை அறுத்து எடுத்துத் தூரப் போடுவதற்கு முன்னால் எதிலாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

போனில் எடுத்து வைத்தால் போதாதா என்று பெங்களூரிலிருந்து மகள் கேட்டாள். போனை நான் நம்பத் தயாராக இல்லை. பேத்தி பிறந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போனோடு வாளித் தண்ணீருக்குள் போனவை. போனில் குரலைப் பதிந்து அனுப்புகிற பழக்கமும் இவருக்குக் கிடையாது. எதிராள் உடனே பதில் சொல்லாத பேச்சு என்ன பேச்சு, சுவரோடு பேசுகிற மாதிரி என்பார். எனக்கு இதற்கென்றே தனியாக ஒன்று வேண்டும், கைக்கு அடக்கமாக, படமும் எடுக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நாள்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனோம். கடைக்காரர் நடுவயது மனிதர். யூடியூப் சேனல் தொடங்கப் போகிறீர்களா என்று கேட்டார். இப்போது இந்தச் சின்னக் கேமராக்களை வாங்குகிறவர்கள் அவர்கள்தானாம். அவர் பிக்ஸல் கணக்கில் ஆரம்பித்து, ஒரு கேமராவின் மூக்கை நீட்டிக் காட்டி, இதில் நிலாவில் இருக்கிற பள்ளத்தைக்கூட எடுக்கலாம் என்றார். இவருக்கு அது பிடித்துவிட்டது. கடை வாசலில் நின்று எதிர்த்தாற்போல் டீக்கடை பலகையில் இருக்கிற எழுத்தையெல்லாம் அதில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சத்தம் எப்படி விழும் என்று கேட்டேன். எல்லாவற்றிலும் விழும் மேடம் என்றார். எல்லாவற்றிலும் விழும் என்றால் ஒன்றிலும் சரியாக விழாது என்று அர்த்தம். நானும் வியாபாரி பெண்டாட்டிதான்.

இவரைக் கடைக்குள் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பேசச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எடுத்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். நிலாக் கேமராவில் இவர் பானைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. போதாததற்கு மூக்கு நீளும்போது உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் வேறு, இவர் பேச்சின் மேலேயே ஏறிக்கொண்டு. இன்னொன்றில் மூக்கு நீளம் கம்மி. ஆனால் மேலே வரிசையாக மைக் ஓட்டைகள், காற்று இரையாமல் இருக்க அதன்மேல் மாட்டிக்கொள்ளப் பூனை முடி மாதிரி ஒரு சின்ன மூடி. அதில் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்க்காமல் ஒருத்தர் கேமரா வாங்குவதைக் கடைக்காரர் பார்த்ததில்லைபோல. படத்தையும் பாருங்கள் மேடம், நீங்கள் விடுகிறதுதான் நல்ல மாடல் என்றார்.

இவர்தான் பதில் சொன்னார். துணியை உதறிக் காட்டுகிற அதே குரலில் சொன்னார்.

“அண்ணாச்சி, இவ சத்தம் சத்தம்னு அலையுதது எதுக்குன்னா, எனக்குத் தொண்டையில ஆபரேஷன். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு கிடையாது. இருக்கும்போதே பிடிச்சு வச்சுக்கிடுவோம்னு பாக்கா.”

கடைக்காரர் நிலாக் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தார். முடி மூடி தனிக்காசு என்று விலைப்பட்டியலில் இருந்தது, சும்மா கொடுத்தார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது, காசு வாங்கிக்கொள்ளும் என்று இவர் எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் காலையில் இவர் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே கேமராவைப் பிடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துப் போனார். அனைவருக்கும் வணக்கம் என்றார். எங்கள் வீட்டில் அனைவரும் என்று யாரும் இல்லை, நான் ஒருத்திதான் இருந்தேன். என் பெயர் இது, என் தொழில் இது என்று மைக்கைக் கண்ட வார்டு கவுன்சிலர் மாதிரி ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அது இவர் குரலே இல்லை. நான் எரிந்து விழுந்தேன். விடிந்தால் அடைந்தால் தொணதொணவென்று பேசுகிறவருக்கு இப்போது என்ன கேடு என்று கேட்டேன்.

“எதிராள் இல்லாம எப்படிளா பேச?”

“நான் இருக்கம்லா?”

“நீ எங்க இருக்க? அந்த டப்பாவுக்குப் பின்னால ஒளிஞ்சுல்லா இருக்க.”

இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. எனக்குப் பயம் வந்துவிட்டது. நாளோ ஓடுகிறது, கேமராவில் இருப்பதெல்லாம் வணக்கம்தான். கோபத்தில் அதை இவர் மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்தார். கேமரா இப்போது அவர் கையில் இருந்தது.

“பாருங்க, இவங்கதான் டீச்சரம்மா. கீரை உருவுதாங்க. மூஞ்சிய எப்படி வச்சிருக்காங்கன்னு பாருங்க, கீரையே பயந்துபோயி உதிருது.”

எடுக்காதீங்க, அந்தப்பக்கம் போங்க என்று நான் கத்தினது எல்லாம் அதில் இருக்கிறது. இவர் கடைக்குப் போன பிறகு போட்டுக் கேட்டேன். படத்தில் நானும் கீரையும் என் கோணல் மூஞ்சியும். அதற்குமேல் கணீரென்று இவர் குரல், கேமராவைப் பிடித்திருக்கிற ஆள்தானே மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆட்டமும் கேலியும் இழுவையும் ஒன்றும் குறையாமல் அப்படியே விழுந்திருந்தது. நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதிலிருந்து கேமராவை நான் தொடவில்லை. அவர் கையிலேயே விட்டுவிட்டேன். குரலுக்கு ஆசைப்பட்டு மூஞ்சியைக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடுகிறேன், பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன், மீன்காரியிடம் சண்டை போடுகிறேன். இவர் பேசிக்கொண்டே எடுக்கிறார். எடுத்ததை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் நிறைய நேரம் கிடக்கு என்றுவிட்டார்.

ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புன்னக்காயல் போனோம். ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. நல்ல காற்று. முடி மூடியை மாட்டிக்கொண்டு படகுகளை எடுத்தார், காய்ந்துகொண்டிருந்த வலையை எடுத்தார், காலில் ஒட்டின சேற்றோடு நான் முறைப்பதை எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தபடியே பேச்சை நிறுத்திவிட்டார். கேமரா முகத்துக்கு நேரே இருந்தது, எனக்கு இவர் கண் தெரியவில்லை.

“பயமா இருக்குளா” என்றார்.

எனக்கும்தான் என்று சொன்னேன். அதுவும் அதில் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் நான் இன்றுவரை போட்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முடிந்ததுதான். ஆள் இருக்கிறார். கழுத்தில் இருக்கிற துளை வழியாக மூச்சு விடுகிறார். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஏற்ற இறக்கமில்லாமல் மெஷின் பேசுகிற மாதிரி வந்ததும் அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். வாயை அசைப்பார், நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் போனில் அடித்துக் காட்டுவார். கடைக்கும் போகிறார். வருகிறவர்கள் பேசுகிறார்கள், இவர் துணியை எடுத்துப் போடுகிறார். இப்போது வீட்டில் எனக்குப் பேச எவ்வளவோ இடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றுதான் தெரியவில்லை.

கேமராவை இவர் கேட்கவே இல்லை. மனசு தாங்காது என்று நானும் எடுக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. டாக்டர்கள் எடுத்ததில் பாதியை நான் முன்கூட்டியே ஒளித்து வைத்துவிட்டேன், இவர் கேட்கிற அன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, கையை நீட்டிக் கேட்டார். எடுத்துவந்து, டிவியில் மாட்டி, முதலில் கீரையைப் போட்டேன். டீச்சரம்மா என்று கூப்பிட்ட குரல் வீடு முழுக்க நிறைந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன், அல்லது சிரிப்பார் என்று. அவர் யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். யாரு இது?

நான்தான், கீரை உருவுதேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, டிவியில் சத்தம் வருகிற பக்கத்தைக் கையால் காட்டினார். நீங்கதான், உங்க குரல்தான் என்றேன். மறுபடி போடச் சொன்னார். வேறொன்று போடச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு போனை எடுத்து நிதானமாக அடித்து என்னிடம் நீட்டினார்.

“இது நீங்க எல்லாரும் கேட்ட குரல். எனக்குக் கேட்டது இது இல்ல.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மகளைக் கேளுங்கள், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அச்சு அசல் இதுதான் என்று சண்டை போட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார், சமாதானப்படுத்துகிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரவர் குரல் அவரவருக்கு உள்ளேயிருந்து கேட்கிறது. அதை எந்தக் கேமராவைக் கொண்டுபோய் எங்கே வைத்து எடுக்க? இத்தனை மாதமும் அந்தக் குரலைக் கேட்கத்தான் இவர் மனசைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னே உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்றேன். போனில் அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். பேச்சுக்கு ஒருநாளும் திணறாத மனிதர். கடைசியில் ஒரே ஒரு வரி காட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்.”

அந்தக் கனமான குரலோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. இனி அவரும் கேட்கப் போவதில்லை.