வேண்டாம் என்று சொல்லும் வேலை

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காஷ்மீரில் பனியில் சறுக்க வருகிறவர்களுக்கு முன்னால் போய், சரிவைத் தோண்டிப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். கரண்டு கம்பியைத் தொடாதே, அலையில் இறங்காதே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். என் ஊரான பூதப்பாண்டியில் என் பனிக்கதையை நம்ப ஆளில்லை. மீசையில் உறைந்த டீயை உடைத்து இரண்டு பேருக்குப் பங்கு வைத்ததைச் சொன்னால் டீக்கடையே காலியாகிவிடும். கீழே எழுதியிருப்பதில் அந்த மாதிரி எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க மனம் வரவில்லை.

மாலுக்குள் பனி

ஒரு வருஷம் எங்கள் பக்கத்து இரணியலிலிருந்து இரண்டு பேர் சறுக்க வந்தார்கள். ஜெபராஜுக்கு துபாயில் வேலை. அங்கே ஷாப்பிங் மாலுக்குள் கொட்டி வைத்த பனியில் சறுக்கப் பழகியவர். கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி செல்வின், அத்தானிடமே சறுக்கப் படித்தவன்.

வடக்குச் சரிவுக்குப் போகவேண்டும் என்றார்கள். ராத்திரிக் காற்று அங்கேதான் புதுப் பனியை வாரிக் கொட்டியிருந்தது. போனால் பனி மலையோடு சரிந்து வரும் என்றேன். ஜெபராஜ் சிரித்தார்: "மாலுக்குள்ள எத்தன வருசமா சறுக்குதேன், ஒரு நாளும் சரியல்லியே அண்ணாச்சி!"

சீனி

மறுநாள் அந்தச் சரிவின் ஓரத்திலேயே குழி வெட்டிக் காட்டினேன். மேலே காற்று இறுக்கிய பனி, சிமெண்டுத் தளம் மாதிரி. அதற்கடியில் சீனி போல உதிரும் பழைய பனி. ஒரு தூணளவு பனியைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டிப் பார்ப்போம். ஓங்கி அடித்தும் அசையாவிட்டால் போகலாம். இது விரலால் தட்டியதற்கே சீனி மேல் வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது.

செல்வின் குனிந்து காலில் மாட்டியிருந்த ஸ்கீ கட்டையின் கொக்கியைக் கழற்றினான். "நான் வரல்ல அத்தான், திரும்பிருவோம்" என்றான். வேண்டாம் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கம்பெனி எனக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான், தடுக்க அதிகாரமில்லை. ஜெபராஜ் மச்சினன் முதுகில் தட்டினார்: "ஏலே, இதுக்குப் பயந்து திரும்புனேன்னு சொன்னா உங்க அக்கா ஒனக்கு சோறு போடுவாளா?"

முதல் ஆள்

ஜெபராஜ்தான் முதலில் இறங்கினார். அழகாகவே இறங்கினார். கீழே பாறையோரம் நின்று கையசைத்தார். செல்வின் என்னை ஒரு தடவை பார்த்தான். கொக்கியை மறுபடி மாட்டிக்கொண்டான். பாதி தூரம் போயிருப்பான், காலடியில் நெல்மூட்டை விழுந்த மாதிரி ஒரு 'தும்'. சரிவுக்குக் குறுக்கே விரிசல் கோடு ஓடியது. பிறகு சரிவே இல்லை.

எல்லோர் நெஞ்சிலும் பீக்கன் என்று ஒரு கருவி கட்டியிருப்போம். அது ஓயாமல் சிக்னல் அனுப்பும். ஆள் புதைந்தால், வெளியே இருப்பவர்கள் தங்களுடையதை அனுப்புவதிலிருந்து தேடுவதற்கு மாற்றவேண்டும். காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சரிந்த தடத்திலேயே இறங்கி, என் பீக்கனில் அம்பு காட்டிய பக்கம் ஓடினேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஜெபராஜின் முன்னால். மறுபடி ஓடினேன், மறுபடியும் அவர்தான். மச்சினன் பேரைக் கூப்பிட்டு அங்குமிங்கும் அலைந்தவர் தன் பீக்கனை மாற்ற மறந்திருந்தார். அவர் மேல் பாய்ந்து அதை நிறுத்திய பிறகுதான் அம்பு செல்வின் பக்கம் திரும்பியது.

தோண்டி எடுத்தபோது செல்வின் முகத்தைச் சுற்றி அவன் விட்ட மூச்சே கண்ணாடி போல உறைந்திருந்தது. ஜெபராஜ் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்: "எழும்பு மக்கா, திரும்பிருவோம்."

இரணியல் வீடு

ஊருக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெபராஜ் உள்ளறையை விட்டு வரவில்லை. செல்வினின் அக்காதான் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"போவாண்டாம்னு சொன்னியளா?" என்றாள். சொன்னேன் என்றேன். குழியைப் பற்றி, சீனியைப் பற்றி, செல்வின் ஸ்கீயைக் கழற்றியதைப் பற்றியெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வாயால சொன்னியளே, கழத்துன ஸ்கீய எடுத்து எங்கயாம் ஒளிச்சு வச்சிருக்கப்பிடாதா அண்ணாச்சி?"

சரியும் என்று நாங்கள் சொன்னது பொய்யாய்ப் போகிற நாளில்தான் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள் என்பதால், புளுகன் என்ற பேரை விடப் பெரிய பேர் இந்தத் தொழிலில் கிடையாது.