அவர் சொன்ன மந்திரி

கண் தெரியாமலேயே மாநில சாம்பியனைத் தோற்கடித்தவர் என்று இப்போது எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜூஜுவாடி டீக்கடையில் பேசுகிறார்கள், எங்கள் கம்பெனி பஸ்ஸில் பேசுகிறார்கள். போன வாரம் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரி கையை ஆட்டி ஆட்டி என்னிடமே சொன்னார். பக்கத்தில் இருந்தவள் நான். அவர் ஜெயிக்கவில்லை, தோற்றார். செத்துப்போன மனுஷனுக்கு நல்ல பேர் வாங்கித் தருகிறோம் என்று இவர்கள் அளக்கிற கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செஸ் உலகத்தில் அவர் யார் என்று கேட்டால், யாருமில்லை. பட்டம் கிடையாது, பேப்பரில் போட்டோ கிடையாது. லேத் மெஷினில் நின்று வேலை பார்த்தவர். கல்லாவிச் சந்தையில் வெங்காயம் விற்ற ஒருத்தர் குதிரையை வைத்தே ஆளைப் பின்னி எடுப்பாராம். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு போஸ்ட்மேன் இருந்தாராம். அவர்களையெல்லாம் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் இவரும் ஒருத்தர். பெங்களூரில் பெரிய போட்டி வைக்கும்போதெல்லாம் இவருக்கு ஷிப்ட் இருக்கும். லீவு கேட்டால், "ஏன்யா, செஸ்ஸா சோறு போடுது?" என்பார் சூப்பர்வைசர். அதோடு முடிந்தது.

அத்திப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் அவரை ஜெயிக்க ஆளில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆபீசராக இருந்தார். பிறகு மாநில சாம்பியன் ஆகி, சென்னைக்கே போய்விட்டார். இங்கே இருந்தவரை இவர் எத்தனை தடவை ஆடியும் அவரிடம் தோல்விதான். "அவன ஒரே ஒரு தடவ அடிச்சிட்டா போதும்மா, அப்பறம் நிம்மதியா போயிடுவன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார் அண்ணா. அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, அப்புறம் கிட்னியைத் தின்றது. டாக்டர் கையை விரித்த பிறகும் அவர் அதையே சொன்னபோதுதான் சென்னைக்குப் போன் போட்டோம். ஆபீசர் மறுபேச்சு பேசாமல் கிளம்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுவது ஹைவே ஓரத்தில் பாயின் பஞ்சர் கடையில். பார்வை போன பிறகு, அண்ணா எந்தக் காய் எங்கே போகணும் என்று வாயால் சொல்வார், பாய் நகர்த்துவார். எதிராளியின் காயையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பலகை முழுக்க அவர் தலைக்குள் இருக்கும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அண்ணா வீட்டில் கன்னடம். கூட ஆடுகிற யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். நம் ஆட்கள் ராணி என்று சொல்கிற பெரிய காய் அவருக்கு மந்திரி. நாம் மந்திரி என்கிற காய் அவருக்கு ஒட்டகம். எனக்கும் பாய்க்கும் அது பழகிப்போய், வித்தியாசமாகவே தெரியாது. ஆபீசரோடு ஆடின காலத்தில் அண்ணாவே காயை நகர்த்துவார், அதனால் ஆபீசருக்கு இது தெரியாது. ஆபீசர் வந்த அன்றைக்குப் பாதி ஆட்டத்தில் ஒரு லாரி பஞ்சராகி வந்து நிற்க, பாய் எழுந்து போனார். நான் டீ வாங்க ரோட்டைத் தாண்டிப் போயிருந்தேன். "பரவாயில்ல, நானே ரெண்டு பக்கமும் வைக்கிறேன்" என்றாராம் ஆபீசர்.

டீயோடு நான் திரும்பி வரும்போது அண்ணா தொடையில் ஓங்கித் தட்டினார்.

"மந்திரி குறுக்கால ஒரு கட்டம். செக்கு. மேட்டு!"

அந்த முகத்தை நான் என்னவென்று சொல்வேன்! அத்தனை வருஷ ஆசையும் அதில் இருந்தது.

ஆபீசர் பலகையையே பார்த்தார். "மேட்டா? இல்லையே, ராஜா நகர இடமிருக்கே."

"இல்ல குரு, நல்லா நோடு, நல்லா பாரு."

"விடுங்க. இந்த நிலைமையில இவ்வளவு தூரம் ஆடுனதே பெரிய விஷயம்" என்றார் ஆபீசர், குழந்தைக்குச் சொல்வது போல. அண்ணாவின் முகம் சுருங்கிப்போனது.

நான் எட்டிப் பார்த்தேன். ராணி பழைய இடத்திலேயே இருந்தது. நம்மூர் மந்திரி போய் எதிரி ராஜாவை இடித்துக்கொண்டு நின்றது.

"ஐயோ சார், அவருக்கு மந்திரின்னா ராணி சார்!" என்று கத்திவிட்டேன். டீ கையெல்லாம் கொட்டியது.

கேட்டு விசாரித்ததில், இரண்டு நகர்த்தலுக்கு முன்னால் "மந்திரியால குதுரைய வெட்டு" என்று அண்ணா சொன்னபோதே காய் மாறியிருக்கிறது. இரண்டு காயாலும் அந்தக் குதிரையை வெட்டலாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபீசர் மெதுவாகத் தன் ராஜாவைப் படுக்க வைத்தார்.

"என்னா சத்தம்?" என்றார் அண்ணா.

"ராஜாவ சாச்சிட்டாருண்ணா. நீங்கதான் ஜெயிச்சீங்களாம்."

"எடுத்து நிக்க வை!" அவ்வளவு கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "குதுரைய வெட்டுன எடத்துக்கே போ. மந்திரிய வெச்சி வெட்டு. அங்கேந்து ஆடு. எனக்கு யாரும் பிச்ச போட வேணாம்."

காய்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், ராணியால் குதிரையை வெட்டி வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். ராணி நகர்ந்ததும் அண்ணாவின் கடைசி வரிசைக்குக் காவலே இல்லை. எதிர் யானை நேராக இறங்கினால் கதை முடிந்தது. ஆபீசரும் பார்த்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் சார், வேறு ஏதாவது ஆடுங்கள் என்று தலையை ஆட்டினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னா குரு, லாரி எண்ணினு இருக்கியா? ஆடு" என்றார் அண்ணா.

ஆபீசர் என்னைப் பார்க்காமல் யானையை எடுத்தார். "யானை, கடைசி வரிசைக்கு. செக்" என்றார். மேட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று மனசுக்குள் திட்டினேன். அண்ணாவின் விரல்கள் காற்றில் கட்டங்களைத் தடவின, நின்றன.

"அட, மேட்டு! நான் பாக்கவே இல்லயே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கையை நீட்டினார், ஆபீசர் எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அண்ணா விடவே இல்லை.

"கண்ணு போனதுலேந்து எல்லாரும் எங்கிட்ட தோத்துக்கினே இருக்கறாங்க குரு. தெரியாதா எனக்கு? பாயி தோக்கறாரு. இந்தப் பொண்ணு போன ஞாயித்துக்கெழம ஒரு யானைய சும்மா குடுத்துச்சி. நீ ஒருத்தன்தான் எங்கிட்ட ஆடுன."