சிஞ்ச்வட் கேட்டில் ஒரு 'மே ஐ'

2006 தீபாவளிக்கு மதுரைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. புனேயில், கராடியில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. விமான் நகர் அறையில் என்னுடன் இருந்தவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பண்டிகையன்று ஒரு வேளையாவது தமிழ் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சிஞ்ச்வட்டில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு இருந்தார். சின்ன வயதில் பார்த்தது.

"ஃபோன் பண்ணிட்டுப் போகவாம்மா?" என்று கேட்டேன்.

"சித்தப்பா வீட்டுக்குப் போக யாரக் கேக்கணும்? போயி நில்லு. கேட்டுட்டுப் போனா அசலாளு மாதிரி ஆயிரும்" என்றாள் அம்மா.

காலை 10.40-க்கு ஆட்டோ. புனே ஸ்டேஷனுக்கு எட்டு கிலோமீட்டர், அறுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து லோனாவாலா லோக்கலில் சிஞ்ச்வட்டுக்கு அரை மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய். பண்டிகை நாளில் பெட்டியில் தாராளமாக உட்காரலாம், பேசத்தான் ஆள் இருக்காது. மடியில் அரைக் கிலோ பேடாவை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி போனேன்.

ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை. சித்தப்பா இருந்த அடுக்குமாடி சொசைட்டியின் கேட்டில் வாட்ச்மேன் வீட்டு எண்ணைக் கேட்டு, இன்டர்காமை என்னிடம் நீட்டினார். எடுத்தது சித்தப்பா மகள். 'ஹலோ'விலேயே இங்கிலீஷ் வாசனை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பணிவாக அனுமதி கேட்பது எப்படி என்று ஆபீசில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சனியன், அது முந்திக்கொண்டது.

"குட் ஆஃப்டர்நூன். மே ஐ கம் அப் ஃபார் எ ஃப்யூ மினிட்ஸ், இஃப் யூ டோன்ட் மைண்ட்?"

வாக்கியத்தைப் பிசகாமல் முடிக்கிற மும்முரத்தில் பெயரைச் சொல்ல மறந்துபோனேன்.

பின்னால் ஓர் ஆண் குரல், "யாரும்மா?" என்றது.

"யாரோ சேல்ஸ்மேன், ப்பா." பிறகு என்னிடம், அதே பணிவோடு, "சாரி, வீ ஆர் ஹேவிங் லன்ச். குட் யூ ப்ளீஸ் கம் சம் அதர் டே?"

"ஷ்யூர், தேங்க்யூ" என்றேன். நான் இன்னார் என்று கத்தியிருக்கலாம். கேட்டாயிற்று, இல்லை என்றும் சொல்லியாயிற்று, அதற்கு மேல் நிற்க வெட்கமாக இருந்தது. ஸ்டேஷனுக்குத் திரும்பி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பேடாவில் பாதியைத் தின்றேன். அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

இந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்டில் முதலில் பெயரையும் முறையையும் சொல்லிவிடுங்கள், இங்கிலீஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மதியம் லோக்கல் குறைவு, நான் ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அம்மா மூலம் விஷயம் தெரிந்து, மூன்றாம் நாள் சித்தப்பா கூப்பிட்டார். "ஏண்டா, வாசல்ல நின்னு பர்மிஷன் கேக்குறவன் நம்ம வீட்டுப் பயன்னு அவளுக்கு எப்படிடா தெரியும்?" என்று உரிமையோடு திட்டினார். எனக்கு அது விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. கடைசியில், "ஞாயித்துக்கெழம வா. வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுக்க" என்றார்.

அந்தக் கடைசி வரியை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.