பக்கத்து இன்குபேட்டர் அம்மா

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நாங்கள் குவைத்தில், மங்காஃபில் குடியிருந்தோம். கணவருக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டான குழந்தை. ஏழாவது மாதம் தொடங்கியதுமே எனக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது. இனியும் காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். என் கணவரின் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், அவள் இன்குபேட்டரிலேயே இருந்தாள். எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. பம்ப் வைத்து எடுத்தால் பாட்டிலின் அடி நனையும், அவ்வளவுதான். அதனால் பவுடர் பாலைக் கரைத்து, மூக்கு வழியாகப் போட்ட டியூபில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வந்தார்கள். எடையும் லேசாக ஏறியது. கடைக்குப் போய் இரண்டு கவுன்கூட வாங்கி வைத்தேன்.

ஒருநாள் மதியம் பார்க்கப் போனபோது, வழக்கமாகச் சிரித்துப் பேசும் மலையாளி நர்ஸ் என்னைக் கதவருகிலேயே நிறுத்தினார்.

“சேச்சி, மோளுக்கு வயிறு வீங்கியிருக்கு. பால் நிறுத்தியாச்சு. டாக்டர் வந்து பேசும்.”

எட்டிப் பார்த்தேன். குச்சிக் கால்களுக்கு மேலே வயிறு மட்டும் உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. மலத்தில் ரத்தம் போகிறது என்றார்கள். டாக்டர் எகிப்துக்காரர். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லச் சொல்ல, என் கணவரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் இன்னும் தயாராகவில்லையாம். எந்தக் கிருமியை ஏற்றுக்கொள்வது, எதை எதிர்ப்பது என்று அதற்குத் தெரியாதாம். அதனால் குடல் புண்ணாகி, சில இடங்களில் அழுகிப் போகலாம். ஓட்டை விழுந்தால் உடனே ஆபரேஷன். இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்குமா என்று கணவர் கேட்டதற்கு, டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாலே கிடையாது. ஊசி மருந்தும் டிரிப்ஸும்தான். திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள். நர்ஸ் டேப் வைத்து வயிற்றைச் சுற்றி அளக்கும்போது நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் செல்போன் அடித்தால் எடுக்கமாட்டேன். கணவர் டூட்டியிலிருந்து “சாப்பிட்டியா?” என்று கேட்கத்தான் அடித்திருப்பார். ஆனாலும் கை நீளாது. கவுன்களைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வைத்தால் என்னமோ ஆகிவிடும் என்று ஒரு பயம்.

ஆபரேஷன் இல்லாமலே வயிறு மெல்ல வடிந்தது. ஆனால் நிம்மதியாக மூச்சுவிட முடியவில்லை. இனி மறுபடி பால் தொடங்க வேண்டும். பவுடர் பாலைவிடத் தாய்ப்பால்தான் அந்தக் குடலுக்குப் பாதுகாப்பு என்றார் டாக்டர். பம்பை வைத்துக்கொண்டு, பால் எடுக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். சொட்டுகூட வரவில்லை.

எதிரே ஒரு குவைத்திப் பெண் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் என் மகளுக்குப் பக்கத்து இன்குபேட்டரில் இருந்தான். தினமும் பார்ப்போம், தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவர் கையிலிருந்த பாட்டில் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். எழுந்து போய் நர்ஸைக் கூட்டிவந்து அரபியில் ஏதோ சொன்னார்.

“அவங்க பால் தர்றேன்னு சொல்றாங்க சேச்சி” என்றார் நர்ஸ். “பக்ஷே ஒரு காரியம் உண்டாம். முதல்ல உங்க மோளை அவங்க பார்க்கணும். நீங்க அவங்க மோனைப் பார்க்கணும்.”

எனக்குப் புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். என் மகளை உற்றுப் பார்த்தார். பிறகு தன் மகனைக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி, ரொம்பக் கண்டிப்பாகப் பேசினார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“அவங்க மதத்துல, ஒரே அம்மா பால் குடிச்சா அண்ணன் தங்கச்சியாம். பெரிசானதும் ரெண்டு பேருக்கும் கல்யாணம் கூடாதாம். நீங்க மறக்கக் கூடாதுன்னு சொல்றாங்க.”

சாயங்காலம் வரை இவள் இருப்பாளா என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த அம்மா இவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார். அதுவும் ஆறுதலுக்காக இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டு. “மறக்கமாட்டேன்” என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “கலாஸ்”, பேச்சு முடிந்தது, என்று கையைத் தட்டினார்.

கணவருக்கு முதலில் தயக்கம். டாக்டரிடம் பேசி, அந்த அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் சம்மதித்தார். முதல் சில சொட்டுகள் டியூபில் இறங்கியபோது இருவரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். மறுபடி உப்புமோ, மறுபடி ரத்தம் வருமோ என்று ஒவ்வொரு வேளையும் செத்துப் பிழைத்தோம். உப்பவில்லை. அளவைக் கூட்டினார்கள், தாங்கினாள். வாரங்கள் கழித்து அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோதும், வீடு வரும்வரை காரில் அவள் வயிற்றின் மேலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

அந்த அம்மாவும் மகனும் எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு நாங்களும் ஊர் மாறி, தொடர்பு விட்டுப்போனது. என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். குவைத்தில் தனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன்.

குழந்தையை ஐ.சி.யு.வில் விட்டுவிட்டு வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால், “ஒன்றும் ஆகாது” என்று நான் சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” என்று கேட்கிறேன், ஏனென்றால் அன்று என்னை நிற்க வைத்தது அப்படி ஒரு பேச்சுதான்.